30 நாள் அமானிதம்



ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து அமர்ந்தார். திருமண அழைப்பிதழ்களும் நோட்டீஸ்களும் வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருபவர். ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழக்கூடியவர். “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்” என்று தயக்கத்துடன் தொடங்கினார்.

தொழிலுக்காக அவர் தம் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை நிறுவியிருக்கிறார். 30 நாள்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அதன் பின் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 30 நாள்கள் முடிந்துவிட்டன. பூட்டை உடைத்துத் தரும் சிறு புரோகிராம் ஒன்றை நண்பர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுவிட்டால் இனி ஒருபோதும் பணம் கட்ட வேண்டியதில்லையாம். “இது ஆகுமா ஹஜ்ரத்?” என்பதே அவருடைய கேள்வி.

“ஆகாது தம்பி” என்று சொல்லி, அமானிதத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில், “தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஹஜ்ரத். நம் பள்ளிவாசல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பதும் பூட்டு உடைத்ததுதான். நான்தான் போட்டுக் கொடுத்தேன்” என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்யக் கூடாது என்று நான் எழுதிய ஜும்ஆ நோட்டீஸ் அந்தக் கம்ப்யூட்டரில், அந்த மென்பொருளில்தான் வடிவமைக்கப்பட்டு மஹல்லாவின் வீடுதோறும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே, இங்கே எழுதப்படும் உபதேசம் முதலில் எனக்கு; பிறகுதான் உங்களுக்கு.

சோதனைக் காலம் என்றால் என்ன?

ஒரு மென்பொருளைச் செய்தவர், “சில நாள்கள் பயன்படுத்திப் பாருங்கள்; பிடித்திருந்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் நீக்கிவிடுங்கள்” என்று கொடுக்கும் அனுமதியே சோதனைக் காலம். இது வாங்குபவருக்குச் செய்யப்படும் ஓர் உபகாரம்.

இதன் வரலாறு நம்பிக்கையில் தொடங்கியது. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் பி.சி.டாக் என்ற மென்பொருளை உருவாக்கினார். யார் வேண்டுமானாலும் அதைப் பிரதி எடுத்து நண்பர்களுக்குத் தரலாம். பயனுள்ளதாகத் தோன்றினால் 25 டாலர் அனுப்பிவைக்கலாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதே காலத்தில் ஜிம் நாஃப் என்பவரும் பி.சி.ஃபைல் என்ற மென்பொருளை இதே முறையில் வெளியிட்டார். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. மனிதர்களின் நேர்மையை நம்பியே பொருள் கொடுக்கப்பட்டது. நாள் கணக்கும் பூட்டும் பின்னால் பரவலாயின.

நம் மார்க்கச் சட்டத்திலும் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. ஒரு பொருளை வாங்குபவர், “சில நாள்களுக்குள் வேண்டாம் என்று தோன்றினால் திருப்பித் தருவேன்” என்று நிபந்தனை வைத்து வாங்கலாம். ஃபிக்ஹ் நூல்களில் இதற்குக் கியாருஷ் ஷர்த் என்று பெயர். இமாம் அபூஹனீஃபா, இமாம் ஷாஃபிஈ ஆகியோரிடம் இதன் உச்ச அளவு மூன்று நாள்கள். வாங்குபவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே மார்க்கம் இந்த அவகாசத்தைத் தந்தது. கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் வியாபாரம் உறுதியாகிவிடும். விலை கொடுக்க வேண்டியது கடமையாகிவிடும். கெடு முடிந்த பின்பும் பொருளை வைத்துக்கொண்டு, விலையும் தரமாட்டேன் என்று சொல்ல எந்த மத்ஹபிலும் இடமில்லை.

இரவல் பொருளின் சட்டம்

மென்பொருள் சோதனையில் பொருள் இன்னும் நமக்கு விற்கப்படவே இல்லை. ஆகவே அது ஆரியத் எனப்படும் இரவலையே பெரிதும் ஒத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், “ஒரு வாரம் ஓட்டிக்கொள்ளுங்கள்” என்று தம் சைக்கிளைத் தருகிறார். அந்த ஒரு வாரம் நாம் ஓட்டுவது ஹலால். எட்டாவது நாள், அதே சைக்கிள், அதே தெரு, அதே மனிதர். ஆனால் அனுமதி இல்லை. உரிமையாளரின் மனப்பூர்வமான சம்மதமின்றி ஒருவருடைய பொருள் இன்னொருவருக்கு ஆகுமாகாது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மென்பொருளை நிறுவும்போது நிபந்தனைகள் திரையில் தோன்றுகின்றன. “சம்மதிக்கிறேன்” என்ற பொத்தானை நம் விரலால் அழுத்திய பிறகே அது உள்ளே வருகிறது. படிக்காமல் அழுத்துவது நம் வழக்கமாக இருக்கலாம். படிக்காமல் கையெழுத்திட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம், ஈமான் கொண்டோரை அழைத்து, உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு கட்டளையிடுகிறது.

வின்ரார் என்ற மென்பொருளை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அதன் சோதனைக் காலம் 40 நாள்கள். 41ஆவது நாள் அது பூட்டிக்கொள்வதில்லை. வாங்கும்படி நினைவூட்டும் சிறிய அறிவிப்பு மட்டும் தோன்றும்; அதை மூடிவிட்டு வேலையைத் தொடரலாம். பூட்டு இல்லாததால் அனுமதியும் நீடிக்கிறது என்று எண்ணிவிடலாகாது. 40 நாள்களுக்குப் பின் வாங்க வேண்டும் அல்லது நீக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. உண்மையான சோதனை இங்கேதான் இருக்கிறது. பூட்டு மற்றவர்களைத் தடுப்பதற்கு. முஃமினைத் தடுப்பது அவர் கொடுத்த வாக்கு.

பூட்டை உடைக்கும்போது நடப்பது என்ன?

மார்க்கத்தில் விலக்கப்பட்டவை உலகிலும் தீங்கையே கொண்டுவரும் என்பதற்கு இந்த விஷயம் ஒரு சான்று.

சிலர் கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். இதனால் கடையின் பில்களில் தேதி தவறாகப் பதிவாகிறது. வங்கி முதலான இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தேதியை ஒப்பிட்டே சரிபார்க்கப்படுவதால் அவை திறக்க மறுக்கின்றன. எந்தக் கோப்பு முந்தியது, எது பிந்தியது என்பதே குழம்பிப்போகிறது.

சிலர் ஒவ்வொரு மாதமும் புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றை உண்டாக்கி, புதிய ஆள்போல் நுழைகிறார்கள். இதில் பூட்டு எதுவும் உடையவில்லை என்பது உண்மை. ஆனால் “நான் இன்னொருவன்” என்று பொய் சொல்லப்படுகிறது.

பெரும்பாலோர் நாடுவது கிராக், கீஜென் என்று அழைக்கப்படும் புரோகிராம்களை. இவற்றில்தான் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. மென்பொருளின் உட்பகுதியை மாற்றுவதற்காகக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் அவை கேட்கின்றன. “ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டுப் போடவும்” என்ற குறிப்பும் கூடவே வருகிறது. வாசலில் நிற்கும் காவலாளியை அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஒருவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் செயல் இது. அவன் ஏன் நமக்கு இலவசமாக உழைக்கிறான் என்று நாம் கேட்பதில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டர்தான். மகன் விளையாடுவதும், மகள் பாடம் படிப்பதும், தாய் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், தந்தை கடைக் கணக்கு எழுதுவதும் அதில்தான். ஒருவர் திறந்துவிட்ட வாசல் வழியாக அனைவருடைய கடவுச்சொற்களும் போய்விடும்.

இரண்டு உண்மை நிகழ்வுகள்

சோஃபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2021 மே மாதம் ஒரு நிகழ்வை வெளியிட்டது. ஐரோப்பாவில், கோவிட் நோய் தொடர்பான ஆய்விலும் ஈடுபட்டிருந்த உயிரியல் ஆய்வு நிலையம் ஒன்று. அதனோடு இணைந்து பணியாற்றிய மாணவர் ஒருவர், ஆய்வு விவரங்களைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருள் ஒன்று தம் சொந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும் என்று விரும்பினார். அதன் விலை ஆண்டுக்குச் சில நூறு டாலர்கள். இலவசமானது ஏதும் கிடைக்குமா என்று தேடினார், கிடைக்கவில்லை. பூட்டு உடைக்கப்பட்ட பிரதியைத் தேடி எடுத்தார். விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பு அபாயம் என்று எச்சரித்தது. அதை நிறுத்திவிட்டு நிறுவ முயன்றார்.

உள்ளே வந்தது தகவல் திருடும் புரோகிராம். அவர் தட்டும் எழுத்துகளையெல்லாம் அது பதிவு செய்தது. ஆய்வு நிலையத்தின் கணினிகளுக்குள் நுழைய அவர் பயன்படுத்திய கடவுச்சொல்லும் அதில் அடக்கம். 13 நாள்களுக்குப் பின் யாரோ ஒருவன் அந்த மாணவரின் பெயரிலேயே நிலையத்தின் கணினிகளுக்குள் நுழைந்தான். மேலும் 10 நாள்கள் கழித்து ரியூக் என்னும் தாக்குதல் நிகழ்த்தப்பட்டது. கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்து, திறக்கப் பணம் கேட்கும் தாக்குதல் அது. நகல்கள் முழுமையாக எடுத்துவைக்கப்படாததால் ஒரு வாரத்து ஆய்வு விவரங்கள் அழிந்துபோயின. கணினிகளை அடியிலிருந்து மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று.

சிந்தித்துப் பாருங்கள்! மற்றவர்களின் மென்பொருளுக்குப் பூட்டை உடைக்கப் போனவர், தம்மை நம்பியவர்களின் கணினிகளுக்குப் பூட்டு விழக் காரணமாகிவிட்டார்.

அடுத்த நிகழ்வும் அதே ஆண்டில் வெளியானதே. அவாஸ்ட் நிறுவனம் 2021 ஜூன் மாதம் கிராக்கனோஷ் என்ற தீங்கு நிரலைப் பற்றி அறிவித்தது. பூட்டு உடைக்கப்பட்ட விளையாட்டு மென்பொருள்களுக்குள் ஒளிந்துகொண்டு 2018 முதலே அது பரவியிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஆன்டி வைரஸை அழித்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரின் சக்தியைக் கொண்டு மொனேரோ என்ற இணைய நாணயத்தைத் தன் எஜமானனுக்காகச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. 2,22,000க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. எஜமானன் பெற்றது 20 லட்சம் டாலர்களுக்கும் அதிகம். இலவச விளையாட்டு என்று எண்ணியவர்கள் மின்கட்டணம் கட்டினார்கள், சம்பாதித்தவன் வேறொருவன்.

சொல்லப்படும் நியாயங்கள்

“அவை கோடிகளில் புரளும் பெரிய கம்பெனிகள். முஸ்லிம்களுடையவையும் அல்ல” என்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். ஊரைவிட்டு விரட்டியவர்கள், கொலை செய்யத் திட்டமிட்டவர்கள் மக்காவாசிகள். அவர்கள் கொடுத்துவைத்த பொருள்கள் நபியவர்களின் பொறுப்பில் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். அமானிதத்தில் எதிரி என்றும் நண்பன் என்றும் இல்லை. ஏழை என்றும் பணக்காரன் என்றும் இல்லை.

“பிரதி எடுப்பதால் அவர்களிடம் எதுவும் குறைந்துவிடவில்லையே” என்கிறார்கள். பஸ்ஸில் காலியாக இருக்கும் இருக்கையில் டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்பவரும் இதையே சொல்லலாம். பஸ் எப்படியும் ஓடத்தான் போகிறது. ஆயினும் அது மோசடி என்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும்.

“கண்ணால் காணாத உரிமை எப்படிப் பொருளாகும்?” என்று கற்றவர்கள் சிலரும் கேட்கிறார்கள். துணைக் கண்டத்தின் மூத்த உலமாக்கள் சிலர் இதில் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தது உண்மையே. ஆனால் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் போன்றவற்றின் உரிமைகள் இன்றைய வழக்கில் பண மதிப்புடையவை, ஷரீஅத்தில் மதிக்கப்பட வேண்டியவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. மாற்றுக் கருத்தைப் பின்பற்றுபவருக்கும் சோதனைக் காலத்தில் தப்ப வழியில்லை. அவரும் “சம்மதிக்கிறேன்” என்று ஒப்புக்கொண்டவர்தாம். வாக்கு மீறுவது ஆகுமென்று எந்த ஆலிமும் சொல்லவில்லை.

“வசதி இல்லை” என்பது மட்டுமே இரக்கத்திற்குரிய காரணம். அதற்கான வழியைக் கீழே காண்போம்.

நாட்டின் சட்டம்

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. உரிமை மீறிய பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு அதன் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். வியாபாரத்துக்காகவோ ஆதாயத்துக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், சிறையின்றி 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அதே சட்டம், முறையாகப் பெற்ற மென்பொருளுக்குப் பாதுகாப்பு நகல் எடுத்துவைத்துக்கொள்ளும் உரிமையையும் தருகிறது.

விற்பவருக்கும் கடமை உண்டு

நீதி இருபக்கமும் வேண்டும். சோதனைக்கே வங்கி அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி, கெடு முடிந்ததும் ஓசையின்றிப் பணம் எடுக்கும் வழக்கமும் வியாபாரத்தில் இருக்கிறது. மறதியை முதலாக வைத்துச் சம்பாதிப்பது நல்ல வியாபாரமன்று. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, இப்படித் தானாக எடுக்கப்படும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். அட்டைகளுக்கு இந்த ஏற்பாடு 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அத்தகைய குறுஞ்செய்திகளைப் படியுங்கள். சோதனையைத் தொடங்கும் அன்றே முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வேண்டாமென்றால் முன்னதாகவே ரத்து செய்துவிடுங்கள். அது உங்கள் உரிமை.

வசதியற்றோருக்கு வழி

அல்லாஹ் ஒரு வாசலை மூடினால் ஹலாலான வாசல்கள் பலவற்றைத் திறந்தே வைத்திருக்கிறான். கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ். படங்களைச் சரிசெய்ய ஜிம்ப். அழைப்பிதழ் வரைய இங்க்ஸ்கேப். கோப்புகளைச் சுருக்க செவன் ஜிப். இவற்றைச் செய்தவர்களே, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், பகிரலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். மாணவர்களுக்கென்று இலவசமாகவோ குறைந்த விலையிலோ கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. டேலி கணக்கு மென்பொருளைக் கற்பதற்கு அதன் கல்விப் பயன்முறை இருக்கிறது. அதில் மாதத்தின் 1, 2 போன்ற சில தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய முடியும் என்றாலும், தொழில் கற்க அது போதும். மாணவர் என்ற பெயரில் பெற்றதைக் கடைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளெண்டர் என்ற மென்பொருளின் வரலாறு நமக்குப் படிப்பினை. நெதர்லாந்தில் அதை நடத்திய கம்பெனி 2002இல் மூடப்பட்டது. 1 லட்சம் யூரோ கொடுத்தால் பொதுவுடைமையாக விட்டுவிடுகிறோம் என்றார்கள் முதலீட்டாளர்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் உலகெங்கிலுமிருந்து சிறுகச் சிறுக அனுப்பி, ஏழே வாரங்களில் அந்தத் தொகையைச் சேர்த்துவிட்டார்கள். இன்று அது அனைவருக்கும் சொந்தம். வக்ஃப் என்ற சொல்லை அறியாத மக்கள் வக்ஃபின் கருத்தைச் செயலில் காட்டினார்கள்.

ஏற்கெனவே செய்துவிட்டவர்கள்

தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. முதலில் பயன்பாட்டை நிறுத்துங்கள். வசதியிருந்தால் முறையாக வாங்குங்கள். கடந்த காலப் பயன்பாட்டுக்கு என்ன ஈடு செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷஹீதுக்குக்கூடக் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்பது நபிமொழியின் கருத்து.

உலகக் காரியத்தையும் விட்டுவிட வேண்டாம். கிராக் போட்ட கம்ப்யூட்டரில் மென்பொருளை மட்டும் நீக்கினால் போதாது. முக்கியமான கோப்புகளை நகலெடுத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நலம். வேறொரு நல்ல கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். கடவுச்சொல்லுடன் ஓ.டி.பி.யும் கேட்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். கோப்புகளின் நகல் ஒன்றைத் தனி டிஸ்க்கில் எடுத்து, கம்ப்யூட்டருடன் இணைக்காமல் வையுங்கள்.

எங்கள் பள்ளிவாசலில் நிர்வாகிகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கம்ப்யூட்டர் முழுவதும் துடைக்கப்பட்டது. இப்போது ஜும்ஆ நோட்டீஸ் லிப்ரே ஆபீஸில் தயாராகிறது. முன்போல் ஓரங்களில் பூ வேலைப்பாடு இல்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். அந்த இளைஞர் சிறிய வேலைகளை இங்க்ஸ்கேப்பில் செய்துகொள்கிறார். திருமணங்கள் மிகுந்த மாதங்களில் மட்டும் மாதச் சந்தா கட்டி அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறார். “மிச்சப்படுவது குறைவுதான் ஹஜ்ரத், ஆனால் கடையைத் திறக்கும்போது பிஸ்மி சொல்ல நாக்குக் கூசவில்லை” என்றார். நான் கொடுத்த விளக்கத்தைவிட அவருடைய அந்த ஒரு சொல் பெரிது.

பெற்றோர்களே! இன்று வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருப்பவை எங்கிருந்து வந்தவை என்று பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். திட்டுவதற்காக அன்று; சேர்ந்து திருந்துவதற்காக.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தையும், அதற்கு நாம் பயன்படுத்தும் கருவிகளையும் ஹலாலானவையாக ஆக்குவானாக! கொடுத்த வாக்கை, யாரும் பார்க்காத இடத்திலும் காப்பாற்றும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.